நல்ல நோ எழுதுகிறவள்

போர்ட் பிளேரில் ஒரு கல்யாணப் பேச்சை வேண்டாம் என்று சொல்ல நினைத்தால் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, அதுவாக வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். தமிழில் சொன்னால் சொன்னவர் முகமும் கேட்டவர் முகமும் சாகிறவரைக்கும் மறக்காது. ஹிந்தியில் சொன்னால் மீன்காரரிடம் பேரம் படியாமல் நகர்ந்த மாதிரி இருக்கும். இங்கிலீஷ் யாருடைய அம்மாவும் பேசாத பாஷை. அதில் சொன்னால் யாருடைய அம்மாவையும் சொன்னதாக ஆகாது.

ஊரும் சின்ன ஊர். பெண் தரமாட்டேன் என்று சொன்னவரோடு அடுத்த வாரமே ஹேவ்லாக் தீவுப் படகில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போக வேண்டியிருக்கும். மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியாது. அங்கே மனஸ்தாபம் வந்தால் வேறு தெரு வழியாகப் போய்க்கொள்ளலாம். இங்கே வேறு தெரு என்றால் கடலில்தான் இறங்க வேண்டும்.

அதனால் வாட்ஸ்அப்பில் நாலு வரி இங்கிலீஷ். அந்த நாலு வரிக்கு ஊரே நம்பியிருந்தது பத்துபஸ்தி மஸூதாவை.

மஸூதா அந்தப் பகுதியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஆதார் திருத்துவது, கப்பல் டிக்கெட் பிரிண்ட் எடுப்பது, பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்கு ஸ்பைரல் போடுவது எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் பத்து வருஷம் ஒரு டூரிஸ்ட் ஆபீஸில் உட்கார்ந்து, ஏசி ஓடவில்லை, கடலில் அலை அதிகம் என்றெல்லாம் மனுப் போடுகிற விருந்தாளிகளுக்கு இங்கிலீஷில் பதில் எழுதியவள். கோபக்காரர்களைச் சாந்தப்படுத்திப் பழகிய கை. அந்தக் கை ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காக ஒரு ‘வேண்டாம்’ எழுதிக் கொடுத்தது. வாங்கிக்கொண்டவர்கள் வருத்தப்படாததோடு, ‘எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க’ என்று நாலு பேருக்கு ஃபார்வர்டும் செய்தார்கள். அன்றைக்குப் பிடித்தது இந்த வேலை.

வருகிறவர்களிடம் முதலில் அவள் ஒரு பாடம் நடத்துவாள். “ரெஃப்யூஸ் போட்டா, ஜெட்டியில படகு ஏற வந்த ஆளை நெஞ்சுல கை வெச்சு நிறுத்துற மாதிரி. ரிஜெக்ட்னா, மெயின்லேண்ட்ல இருந்து வந்த தக்காளிக் கூடையைப் பிரிச்சு, அழுகிருச்சுன்னு அதே கப்பல்ல திருப்பி அனுப்புறது. டிக்ளைன் அப்படியில்ல. விருந்துல ரெண்டாவது கரண்டி பிரியாணி வைக்க வரும்போது, போதும்னு தட்டு மேல கையை நீட்டுறோமே, அது.” இதைக் கேட்டவர்கள் எல்லாரும் டிக்ளைனைத்தான் வாங்கிப் போவார்கள்.

அந்த வார்த்தைக்கும் கெட்ட காலம் வந்தது. கான்ட்ராக்டர் ராஜமாணிக்கத்தின் மகனுக்குப் பார்த்த இடத்திலிருந்து அவள் எழுதிக் கொடுத்த மெசேஜ் போயிருந்தது. மறுநாள் காலையில் மனுஷர் கடை வாசலில் வந்து நின்று கத்தினார்.

“பெட்ரோல் பங்க்ல கார்டைத் தேய்ச்சா டிக்ளைன்டுன்னு வருது. எம்மவன் என்ன ஏடிஎம் கார்டா? அவன்கிட்ட பேலன்ஸ் இல்லேங்கிறாங்களா?”

“அரே, அண்ணாச்சி, அது மெஷின் பேசுற டிக்ளைன். இது மனுஷங்க பேசுறது” என்று மஸூதா எவ்வளவோ சொன்னாள். அவர் சமாதானமாகவில்லை. அதன் பிறகு அவள் டிக்ளைனை மூட்டை கட்டி வைத்துவிட்டு ரிக்ரெட்டுக்கு மாறினாள். வருந்துகிறோம் என்பதற்குள்ளேயே வேண்டாம் என்பதும் அடக்கம், யாருக்கும் வலிக்காது.

போன மழைக்காலத்தில் தவ்ஹீத் முதல்முறையாகக் கடைக்கு வந்தார். ஊருக்கு வெளியே சௌல்தாரி கிராமத்துக்காரர். பாக்குத் தோட்டமும் கொஞ்சம் காய்கறி நிலமும் இருந்தன. ஹேவ்லாக் ரிசார்ட்டுகளுக்குப் படகில் காய்கறி அனுப்புவது தொழில். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. அவருடைய அக்கா அல்மாஸ், தம்பிக்குக் கல்யாணம் செய்து வைக்காமல் ஓயமாட்டேன் என்று அந்தமான் முழுக்கப் பெண் தேடிக்கொண்டிருந்தார். தேடிய முதல் பெண்ணுக்குத்தான் தவ்ஹீத் நோ எழுத வந்திருந்தார்.

மஸூதா பாடத்தை நடத்தி, ரிக்ரெட் போட்டு நாலு வரி அடித்துக் காட்டினாள். அவர் உடனே வாங்கிக்கொண்டு போகவில்லை.

“அந்தப் பொண்ணு பி.ஏ. படிச்சிருக்கு” என்றார். “வீட்ல வேற யாருக்கும் இங்கிலீஷ் வராது. அதுதான் இதை எல்லாருக்கும் வாசிச்சுச் சொல்லப் போகுது. தன்னை வேணாம்னு சொன்னதை, பாவம், தானே சத்தமா வாசிக்கணும். மத்லப், என்ன சொல்றேன்னா, அது வாயில கூசாம வர்ற மாதிரி ஒரு வார்த்தை போட்டுக் குடுங்க.”

மஸூதாவின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். தங்கள் பெயர் கெடக் கூடாது என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. வாசிக்கிற வாயைப் பற்றி யோசித்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தாள். அழித்துவிட்டு, குறையெல்லாம் மாப்பிள்ளை பக்கம் விழுகிற மாதிரி மறுபடி எழுதினாள். தவ்ஹீத் சத்தம் இல்லாமல் சிரித்து, “இது சரி” என்றார்.

பிறகு இரண்டாவது பெண்ணுக்கு வந்தார், மூன்றாவது பெண்ணுக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக விசாரிப்பார். நிலத்துக்குப் போடுகிற உரத்தைக்கூட அவர் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார். டவுட்டுக்கும் ஹெஸிடேட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கடைசித் தடவை கேட்டார்.

“டவுட்னா எதிர்ல இருக்கிற ஆள் மேல நம்பிக்கை இல்ல. ஹெஸிடேட்னா எதிராளி மேல குறையே இல்ல, தனக்குத்தான் காலை எடுத்து வைக்கப் பயம்” என்றாள் மஸூதா. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

இன்னொன்றையும் அவள் கவனித்திருந்தாள். கடைக்கு வருகிற ஆண்கள் எல்லாரும் அவளைத் தங்கச்சி என்பார்கள், சின்னப் பையன்கள் அக்கா முறையில் லாத்தா என்பார்கள். தவ்ஹீத் மட்டும் எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை. “இங்க பாருங்க”, “கேட்டீங்களா” என்றே ஒரு மணி நேரத்தையும் ஓட்டிவிடுவார். தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் சுலபம். அதைச் சொல்லாமல் ஒரு மனுஷன் இவ்வளவு சிரமப்படுகிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று மஸூதாவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததில் சந்தோஷமும் இருந்தது. அவர் போன பிறகு காரணமே இல்லாமல் கண்ணாடிக் கதவைத் துடைத்தாள்.

மஸூதாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. இருபது வயதில் தொண்டியில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த ஆள் கை நீட்டுகிறவன். ஒன்றரை வருஷத்தில் முறித்துக்கொண்டு கப்பலேறித் திரும்பி வந்துவிட்டாள். அவளுடைய வாப்பா மவுத்தாகும் முன்பு மகன் சிராஜைக் கூப்பிட்டு, “தங்கச்சியை இனிமே யாருக்கும் வற்புறுத்திக் கட்டிக் குடுக்காதே” என்று சொல்லிவிட்டுப் போனார். அபர்டீன் பஜாரில் பெட்டிக்கடையாக ஆரம்பித்துப் பெரிய பலசரக்குக் கடையாக்கிய சிராஜ், எதை மறந்தாலும் அந்த வார்த்தையை மறக்கவில்லை. பெண் கேட்டு வந்த அத்தனை பேரையும் வாசலோடு அனுப்பினார்.

அவளுக்கும் அது பொருந்தித்தான் போயிருந்தது. அண்ணன் வீட்டு மாடியில் தனி அறை, ஒரு ஸ்கூட்டி, கடை, சாயங்காலம் ஏர்போர்ட் ரோட்டில் ஒரு டீ. அண்ணன் மனைவி, மச்சி ஹுஸ்னா நல்லவள். அழுது வடிகிற வாழ்க்கை இல்லை. மஸூதா நிம்மதியாக இருக்கிறாள் என்று ஊரே சொல்லும், அது பொய்யும் இல்லை.

அல்மாஸின் ஃபோன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து சிராஜ் சாப்பிட உட்கார்ந்தபோது வந்தது. ஹுஸ்னாதான் எடுத்துப் பேசினாள். பேசி முடித்துவிட்டு, அரைச் சிரிப்போடு வந்து சொன்னாள்.

“சௌல்தாரி அல்மாஸ் லாத்தா. தம்பி தவ்ஹீதுக்கு நம்ம மஸூதாவைக் கேக்குறாங்க. தம்பியேதான் கேக்கச் சொன்னாராம்.”

பரிமாறிக்கொண்டிருந்த மஸூதாவுக்குக் காது சூடாகிவிட்டது. மீன் குழம்பை அண்ணன் தட்டில் ஊற்றுவதற்குப் பதில் தயிர் மேல் ஊற்றினாள். சிராஜ் அதைக் கவனிக்கவில்லை.

“நல்ல மனுஷன்தான், குறை சொல்றதுக்கில்ல” என்றார். “ஆனா நம்ம மஸூவுக்கு இதெல்லாம் எதுக்கு? அது பாட்டுக்கு ராணி மாதிரி இருக்கு. நான் இருக்கிறவரைக்கும் அதை யாரும் தொந்தரவு பண்ண முடியாது. மஸூ, நீயே நல்லதா ஒரு நோ எழுதிரு புள்ள. என் ஃபோன்ல இருந்து அனுப்பிருவோம்.”

பாசத்தோடு சொன்னார். சொல்லிவிட்டு மீனில் முள் எடுக்க ஆரம்பித்தார். மஸூதா ஒரு நிமிஷம் நின்றாள். ‘உனக்கு என்ன தோணுது’ என்று ஒரு வார்த்தை வரும் என்று நின்றாள். வரவில்லை. ஹுஸ்னா மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் இரண்டு நிமிஷத்தில் எழுதித் தருகிறவள், தன்னுடைய நாலு வரிக்கு ஒரு மதியம் முழுவதும் எடுத்துக்கொண்டாள்.

ரெஃப்யூஸ் போட முடியாது. அந்த மனுஷர் தள்ளிக்கொண்டு வரவில்லை, நெஞ்சில் கை வைக்க. ரிஜெக்ட் வாயில் வைக்கவே ஆகாது. டிக்ளைன் என்றால் இரண்டாவது கரண்டி. அவளுக்கு இன்னும் முதல் கரண்டியே யாரும் வைக்கவில்லை. ரிக்ரெட் என்று அடித்துப் பார்த்தாள். அடித்ததைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அவர் கேட்டதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. இத்தனை வருஷத்தில் பிறருக்காகக்கூட அவள் பொய் எழுதியதில்லை. யாருக்கு என்ன மனசோ அதற்குக் கிட்டத்தில் இருக்கிற வார்த்தையைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தனக்கு மட்டும் பொய் எழுதுவதா?

சரி, அவள் மனசில் என்னதான் இருந்தது? அந்த மனுஷரைப் பிடித்திருந்தது. அதில் சந்தேகமே இல்லை. பயமும் இருந்தது. ஒரு தடவை போய்ப் பட்டாயிற்று. இப்போது கையில் இருக்கிற நிம்மதி அவளே ஒவ்வொன்றாகச் சேர்த்தது. அதை எடுத்துக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போனால் வழியில் சிந்தாமல் இருக்குமா? அவர் மேல் டவுட் இல்லை. தன் காலைத்தான் நம்ப முடியவில்லை.

‘தங்கள் குடும்பத்தின் மீது எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்தச் சம்பந்தத்தை ஏற்க எங்கள் சகோதரி தயங்குகிறாள். நன்றி. வஸ்ஸலாம்.’ இங்கிலீஷில் இவ்வளவுதான் எழுதினாள். தயங்குகிறாள் என்ற இடத்தில் ஹெஸிடேட் போட்டாள். அனுப்புவதற்கு முன் சிராஜ் ஃபோனைத் தள்ளி வைத்து உற்றுப் பார்த்தார்.

“தேங்க்யூ எல்லாம் இருக்குல்ல?”

“இருக்கு காக்கா” என்றாள் அண்ணனிடம்.

“மரியாதையா இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப சலோ” என்று அனுப்பிவிட்டார். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

சனிக்கிழமையும் வரவில்லை. மஸூதா ஒருவருடைய பாஸ்போர்ட்டை நாலு காப்பிக்குப் பதில் நாற்பது காப்பி எடுத்தாள். வாங்கிய நோவுக்கு யாரும் பதில் போடுவதில்லை, அதுதான் ஊர் வழக்கம். தவ்ஹீதும் எல்லாரையும் போல அதை நோ என்று எடுத்துக்கொண்டிருப்பார். எடுத்துக்கொண்டால் என்ன, டீயும் ஸ்கூட்டியும் எங்கேயும் போகப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொன்ன கையோடு வாசலை எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் தன் மனசு எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அவளுக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு பிக்அப் வந்து நின்றது. பின்னால் இரண்டு இளநீர்க் குலைகள், ஒரு வாழைத்தார். முன்னாலிருந்து கையில் ஸ்வீட் பெட்டியோடு அல்மாஸ் இறங்கினார். அவருக்குப் பின்னால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தவ்ஹீத்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சிராஜ் பதறிப்போய் உள்ளே ஓடி வந்தார்.

“மஸூ, நோ போகலையா?”

“போச்சு காக்கா. நீல டிக் வந்துச்சே.”

“அப்புறம் ஏன் குலையோட வர்றாங்க?”

மஸூதா அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சலாம் சொல்லி, உட்காரச் சொல்லி, மழையைப் பற்றி ஒரு சுற்றுப் பேசி முடிந்தது. சிராஜுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிக்கிழமையே நாங்க மெசேஜ் போட்டிருந்தோமே...” என்று இழுத்தார். தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு நோவைத் தமிழில் சொல்ல வேண்டி வந்துவிட்டதே என்ற கலவரம் அவர் முகத்தில் தெரிந்தது.

“வாசிச்சேன், சிராஜ் காக்கா” என்றார் தவ்ஹீத். “அக்காவுக்குக்கூட நோன்னுதான் பட்டுச்சு. வேணாம் விடுடான்னாங்க. ஆனா உங்க தங்கச்சி அப்படி எழுதல. டவுட்னு எழுதியிருந்தா நான் இந்தப் பக்கம் வந்திருக்கவே மாட்டேன். ஹெஸிடேட்னு எழுதியிருக்காங்க. யோசிக்கிறவங்களுக்கு ஏதாவது கேக்கணும்னு இருக்கும்ல? அதான், கேக்குறதுக்கு ஆள் முன்னால வந்து உட்காரலாம்னு வந்தேன்.”

சிராஜ் தங்கையைப் பார்த்தார். ஹுஸ்னா பார்த்தாள். அல்மாஸ் ஸ்வீட் பெட்டியை மடியில் வைத்தபடியே பார்த்தார். மஸூதா கதவை விட்டுவிட்டு நடுவே வந்து நின்றாள்.

“என் கடை?” என்றாள்.

“கடை பத்துபஸ்தியிலதான் இருக்கும். சௌல்தாரியில இருந்து பஸ் இருக்கு. பஸ் வரலேன்னா பிக்அப் இருக்கு” என்றார் தவ்ஹீத்.

“எனக்குக் கோபம் வந்தா சத்தமாப் பேசுவேன்.”

“தோட்டம் பெருசு. எந்த வீட்டுக்கும் கேக்காது.”

ஹுஸ்னா களுக்கென்று சிரித்துவிட்டாள். மஸூதா சிரிக்கவில்லை. மூன்றாவதாக ஒன்று கேட்க வேண்டும்.

“நீங்க... கோபம் வந்தா?”

தவ்ஹீத் அவசரப்படவில்லை. “எழுந்து தோட்டத்துக்குள்ள போயிருவேன். முதல்ல இருந்தவ பதிமூணு வருஷம் என்கூட இருந்தா. அவ உம்மா இன்னைக்கும் மாசம் ஒருக்கா எங்க வீட்டுக்கு வந்து தங்கிட்டுப் போறாங்க. நீங்க என்னைக் கேக்க வேணாம், அவங்களைக் கேளுங்க. நம்பர் தர்றேன்.”

நம்பர் தேவைப்படவில்லை. மஸூதா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“காக்கா, எனக்கு இவரைப் புடிச்சிருக்கு.”

தமிழில், அத்தனை பேர் முன்னால், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக. சிராஜ் கோபமா வருத்தமா என்று தெரியாத ஒரு குரலில், “ஏம் புள்ள, இதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

“நீங்க எழுதச் சொன்னீங்க காக்கா. கேக்கலையே.”

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். வற்புறுத்தாதே என்றுதான் வாப்பா சொன்னார். அதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, சிராஜ் கேட்பதையும் சேர்த்து நிறுத்திவிட்டிருந்தார். பதினேழு வருஷம் தங்கைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த மனுஷன், அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் யார் யார் என்பதுகூட அவளுக்கு முழுசாகத் தெரியாது.

அவர் எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த கைலியைக் கால் வரைக்கும் இறக்கி விட்டார். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு தங்கைக்கு முன்னால் வந்து நின்றார்.

“நிக்காஹ் அன்னைக்கு வக்கீல் வந்து உன் சம்மதத்தை மூணு தடவை கேப்பாரு. அவருக்கு முன்னால நான் கேக்குறேன். இவரைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?”

“சம்மதம் காக்கா.”

சிராஜ் இன்னொரு தடவை கேட்டார். அவளும் இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை கேட்க வாயைத் திறந்தவர், கேட்க முடியாமல் தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.